கிளீவ்லாந்து டூ சிவகாசி

உங்கள் வீட்டில் ஐம்பதைத் தொட்டவர் யாராவது இருந்தால் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் 'லூயிஸ் கிராண்டேல்' என்று மட்டும் சொல்லுங்கள். பேப்பர் கீழே இறங்கும். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு மனுஷரை நிறுத்த முடியாது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்பாலான வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும், அதைப் பார்த்து வில்லன்கள் அலறுவார்கள். இரும்புக்கை மாயாவி! அந்தக் காலத்தில் பிளக் பாயின்ட்டை ஒரு மாதிரி ஆசையோடு பார்க்காத பையன் உண்டா?

அடுத்து 'ஸ்பைடர்' என்று சொல்லுங்கள். சினிமாவில் சுவரேறும் ஸ்பைடர்மேன் இல்லை. இவர் வேறு. கறுப்பு உடை, கூரான காது, வலை பீய்ச்சும் துப்பாக்கி, ஹெலிகார் என்று ஒரு பறக்கும் வண்டி. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்பது அவரது லட்சியம்.

இந்த இரண்டு பேரையும் நமக்கு அறிமுகப்படுத்திய ஊர் சிவகாசி. அது ஊருக்கே தெரியும். அவ்வளவாகத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மாயாவிக்கும் சரி, ஸ்பைடருக்கும் சரி, கதை எழுதிய ஆசாமிகள் விடலைப் பருவத்தில் கையில் மை அப்பிக்கொண்டு, சொந்தக் காசைப் போட்டு, நூறு பேர்கூடப் படிக்காத பத்திரிகை நடத்தியவர்கள். விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள். அந்தப் பைத்தியத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. ஃபேன்சைன். ரசிகர்கள், ரசிகர்களுக்காக, லாபம் பார்க்காமல் நடத்தும் பத்திரிகை.

நம் ஊரில் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? நாலு பேர் சேர்ந்து எழுதி, படம் வரைந்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். கிட்டத்தட்ட அதேதான். அவர்களிடம் கூடுதலாக ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு வியாபாரி. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். 1926 ஏப்ரலில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்று முழுக்க முழுக்க விஞ்ஞானக் கதைகளுக்காகவே ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். எழுதுகிறவர்களுக்குப் பணம் தருவதில் மனுஷர் மகா கறார். கறார் என்றால், தரமாட்டார். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். வாசகர் கடிதங்களைப் போடும்போது அடியில் முழு விலாசத்தையும் போட்டார். விளைவு? 'அட, நம்மைப் போலவே இன்னொரு கிறுக்கன் பக்கத்துத் தெருவில் இருக்கிறானே!' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். கடிதம் சங்கமாகி, சங்கம் பத்திரிகையானது. 1930 மே மாதம் சிகாகோவில் 'தி காமெட்' வெளியானது. முதல் ஃபேன்சைன் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவது இதுதான். ஆசிரியர் ரேமண்ட் பாமர். 'ஃபேன்சைன்' என்ற பெயர் வந்ததென்னவோ பத்து வருடம் கழித்து, 1940-ல். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு பெயர் வைத்த கதை.

இப்போது கிளீவ்லாந்து போகலாம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு தொழில் நகரம். அங்கே கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஜெரி சீகல் என்று ஒரு கூச்ச சுபாவி. கண்ணாடி போட்ட பையன். அவன் அப்பா பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூன் மாதம் கடைக்குள் திருடர்கள் புகுந்தபோது அப்பா மாரடைப்பில் விழுந்து செத்துப்போனார். உலகமே பொருளாதார மந்தத்தில் நொடித்துக் கிடந்த நேரம். அந்த வருடக் கடைசியில் இந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? பத்திரிகை ஆரம்பித்தான். பெயர் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்'. படம் போட ஜோ ஷஸ்டர் என்ற நண்பன். ஐந்து இதழ்களோடு கடை மூடப்பட்டது.

மூன்றாவது இதழ், 1933 ஜனவரி. அதில் சீகல் புனைபெயரில் ஒரு கதை எழுதினான். கஞ்சித் தொட்டி வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி அழைத்துக்கொண்டு போகிறான். விண்கல்லிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுக்கிறான். ஏழைக்கு மனோசக்தி வந்துவிடுகிறது. உலகத்தையே ஆளப் புறப்படுகிறான். அந்தக் கதாபாத்திரத்தின் பெயர் சூப்பர்மேன்! ஆமாம், அதே பெயர்தான். ஆனால் இவன் வழுக்கைத் தலை வில்லன்.

அதே 1933-ல் இங்கே நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். செப்டம்பரில் சென்னையில் 'மணிக்கொடி' பிறந்தது. ஆரம்பித்த மூவரில் ஒருவர் டி.எஸ். சொக்கலிங்கம், நம் தென்காசிக்காரர். அடுத்த வருடமே அதில் எழுத வந்த புதுமைப்பித்தன், பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். கடலுக்கடியில் போன நகரத்தைப் பற்றிக் 'கபாடபுரம்' எழுதினார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். உலகத்தின் முதல் விஞ்ஞானப் புனைகதை என்று பலர் சொல்வது அதைத்தான். விதை எல்லாம் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது. ஆனால் நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ராக்கெட்டிலும் ரோபோவிலும் பெரிதாக ருசி ஏற்படவில்லை. பிற்பாடு விஞ்ஞானக் கதை சுஜாதாவின் தோளேறி நேராகப் பெரிய வாரப் பத்திரிகைகளுக்குள் போய்விட்டது. நடுவில் கிடந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, இலக்கியவாதிகள் யாரும் திரும்பியே பார்க்காத படக்கதை.

சீகலுக்கு வருவோம். வழுக்கை வில்லனை நல்லவனாக்கி, தலையில் முடி வைத்து, முதுகில் சிவப்புத் துணி கட்டி, பல வருடம் பத்திரிகை பத்திரிகையாக அலைந்தார்கள். கடைசியில் 1938-ல் விற்றார்கள். எவ்வளவுக்கு? 130 டாலர். இரண்டு பேருக்கும் சேர்த்து! உரிமை மொத்தமும் கம்பெனிக்கு. நான் பி.காம். படித்தவன். 'முழு உரிமையும்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே பேனாவை மூடிவைத்துவிட வேண்டும் என்று எங்களுக்கு வணிகச் சட்ட வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அதை யார் சொல்வது? 1947-ல் வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். பெயரும் போனது. சூப்பர்மேன் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது அவனைப் பெற்றவர்களின் பெயர் கதைக்கு மேலே இல்லை. பிற்பாடு அதே கம்பெனியிலேயே சீகல் கூலிக்குக் கதை எழுதினார். 1960-களின் நடுவில் மறுபடி உரிமைப் பேச்சை எடுத்தார். அந்த வேலையும் போயிற்று.

அப்போது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் லண்டனிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. 'லயன்' என்ற பிரிட்டிஷ் வாரப் படக்கதை இதழில் 1965 ஜூன் முதல் 'தி ஸ்பைடர்' வந்துகொண்டிருந்தது. டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்த தொடர். மூன்றாவது கதையிலிருந்து எழுதும் பொறுப்பு சீகல் கைக்கு வந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்தின் மிக நல்லவனைப் படைத்து, அதைப் பறிகொடுத்து, ஐம்பது வயதில் வேலையும் இழந்து நிற்கிறார் ஒருவர். அவர் கைக்கு வந்து சேர்கிறான் சட்டத்தையே மதிக்காத ஒரு கிரிமினல் மன்னன். எழுதித் தள்ளினார் மனுஷர்! போகப் போக ஸ்பைடரை நல்லவனாகவும் மாற்றினார். 1933-ன் வழுக்கை வில்லனை மாற்றியதுபோலவே.

இரும்புக்கை மாயாவி கதை இன்னும் சுவாரசியம். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' வார இதழில் ஆரம்பமானது. ஓவியம், ஸ்பெயின் நாட்டு ஜீஸஸ் பிளாஸ்கோ. அந்தக் கறுப்பு வெள்ளை நிழல்களை இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். கதை, கென் புல்மர். இவர் இங்கிலாந்தின் விஞ்ஞானக் கதை ரசிகர் கூட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். இருபது வயதிலேயே 'ஸ்டார் பரேட்' என்று ஃபேன்சைன் நடத்தியவர். கல்யாணமான பிறகு மனைவியும் அந்த ஜோதியில் கலந்துகொண்டார். அந்த நாளில் பிரிட்டிஷ் ரசிகர்களும் அமெரிக்க ரசிகர்களும் ஒரு நிதி வைத்திருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஓட்டுப் போட்டு, தங்களில் ஒருவரைக் கடல் தாண்டி உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு அனுப்புவார்கள். 1955-ல் அப்படி ஜெயித்துப் போனவர் புல்மர். அந்த வருடம் மாநாடு நடந்த ஊர் எது? கிளீவ்லாந்து! பதினெட்டு வயது ஜெரி சீகல் சைக்ளோஸ்டைல் மையில் சூப்பர்மேனைப் பெற்றெடுத்த அதே ஊர். இந்த மாதிரித் தற்செயலை நான் கதையில் எழுதியிருந்தால் எங்கள் ஆசிரியர் அடித்துவிட்டிருப்பார்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாயாவியும் முதலில் கெட்டவன்தான். மறையும் சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கப் போகிறான். அப்புறம்தான் திருந்தி நிழற்படையில் சேர்கிறான். இந்த ரசிகர் பத்திரிகைப் பையன்களுக்கு, சக்தி கிடைத்தால் மனுஷன் முதலில் என்ன செய்வான் என்பதில் எந்த மயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, இதெல்லாம் சிவகாசிக்கு எப்படி வந்தது?

பாளையங்கோட்டையிலிருந்து சிவகாசி சுமார் நூறு கிலோமீட்டர். கோவில்பட்டி, சாத்தூர் வழியாகப் போகவேண்டும். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும்வரை சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆகவே உரிமையோடு 'நம்ம ஊர்' என்று சொல்லிக்கொள்ளலாம். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பட்டம் கொடுத்து, தெருவுக்குத் தெரு கல்வி நிலையம் வைத்திருக்கிறோம். ஆனால் ஆக்ஸ்போர்டு செய்யாததைத் தீப்பெட்டி ஊர் செய்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்குக் கலர் அச்சு வேண்டும். அப்படித்தான் அந்த வானம் பார்த்த பூமியில் அச்சு மெஷின்கள் வந்து இறங்கின. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் என்று வளர்ந்த கைத்தொழில், 1972-ல் இன்னொரு பக்கம் திரும்பியது. எம். சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' ஆரம்பித்தார். ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன். லண்டன் கம்பெனியிடம் உரிமை வாங்கி, முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. பின்னாலேயே சி.ஐ.டி. லாரன்ஸும் டேவிட்டும், ஜானி நீரோவும் வந்து சேர்ந்தார்கள்.

எழுதியது யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அந்த பிரிட்டிஷ் வார இதழ்களிலேயே கதாசிரியர் பெயர், ஓவியர் பெயர் எதுவும் போடும் வழக்கமில்லை. லண்டனில் போடாத பெயர் சிவகாசியில் எப்படி அச்சாகும்? சூப்பர்மேனைப் பெற்றவர் எழுதிய கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அறியாமலேயே ஒரு தலைமுறை ஸ்பைடருக்கு விசிலடித்தது.

1984 ஜூலை. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், வயது பதினேழு, தன் பங்குக்கு 'லயன் காமிக்ஸ்' ஆரம்பித்தார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதம் களத்தில் குதித்தது 'ராணி காமிக்ஸ்'. பின்னால் நின்றது தினத்தந்தி குழுமம். மூலைமுடுக்குப் பெட்டிக்கடை வரைக்கும் போகிற விநியோகம், நியூஸ்பிரின்ட், விளம்பர பலம். எதிரே பதினேழு வயதுப் பையன். கணக்குத் தெரிந்த யாரும் லயன் மேல் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். அந்த வருடமே லயன் இறக்கிய துருப்புச் சீட்டு, ஸ்பைடர். 'எத்தனுக்கு எத்தன்' என்று வந்தது. சிங்கம் பிழைத்துக்கொண்டது.

பிழைத்ததற்கு ஸ்பைடர் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஆசிரியர் 'ஹாட்லைன்' என்று ஒரு பகுதி எழுதுவார். எந்தக் கதை வரப்போகிறது, ஏன் தாமதம், அச்சில் என்ன கோளாறு, வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் ஒப்பித்துவிடுவார். வாசகர்கள் பதினைந்து பைசா கார்டில் பதில் எழுதுவார்கள். எழுதுவார்களா? கிழித்துத் தொங்கவிடுவார்கள்! போன இதழ் மொழிபெயர்ப்பு மட்டம், அட்டைப்படம் தேவலை, ஏன் ஸ்பைடரைக் காணோம் என்று. அதுவும் அச்சாகும். கெர்ன்ஸ்பேக் விலாசம் போட்டு எதைத் தொடங்கிவைத்தாரோ, அதுவே ஐம்பத்தெட்டு வருடம் கழித்துச் சிவகாசியில் தானாக முளைத்தது. யாரும் ஃபேன்சைன் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நல்ல காலம் அதிக நாள் இல்லை. திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று குட்டிகள் பிறந்தன, மறைந்தன. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. சின்னப் பையன்கள் கார்ட்டூன் சேனல் பக்கம் போனார்கள். 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது. ஐந்நூறு இதழ்கள் போட்ட பத்திரிகை! பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு கணக்குத் தலைப்பு. நஷ்டம் வந்தால் கோடு கிழித்து மூடிவிடலாம். தப்பென்று சொல்ல மாட்டேன். நானே கணக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

லயனும் முத்துவும் தள்ளாடின. மாதப் பத்திரிகை எப்போதாவது வரும் பத்திரிகையாயிற்று. வந்தால் பண்டிகை. 2010-ல் 'இரத்தப் படலம்' கதையின் பதினெட்டு பாகங்களையும் சேர்த்து எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாகப் போட்டார் விஜயன். 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கம்பேக் ஸ்பெஷல்', நூறு ரூபாய். அடுத்த ஜனவரியில் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்', நானூறு ரூபாய். படக்கதைக்கு நானூறா என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கினார்கள். ஏனென்றால் வாங்கியவர்கள் இப்போது பையன்கள் இல்லை. டிபன் காசை மிச்சம் பிடித்து மாயாவி வாங்கியவர்கள் பாங்க் மேனேஜராகவும் டாக்டராகவும் கடை முதலாளியாகவும் ஆகியிருந்தார்கள்.

இங்கேதான் வியாபாரமே தலைகீழானது. பெட்டிக்கடையில் ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டு விற்றது போக, இப்போது வருடச் சந்தா. புத்தகம் வருவதற்கு முன்னாலேயே வாசகர் பணம் கட்டுகிறார். அக்கவுன்டன்சி படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முன்கூட்டி வாங்கிய சந்தா, கணக்குப் புத்தகத்தில் வருமானம் ஆகாது. அது கடன். பொறுப்புப் பக்கத்தில் எழுதவேண்டும். ஒவ்வொரு மாதமும் புத்தகத்தை அனுப்பி அனுப்பித்தான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். ரசிகர்களிடம் கடன்பட்டு, ரசிகர்களுக்காகவே அச்சாகி, ரசிகர்களே 'இதைப் போடு, அதைப் போடாதே' என்று தலையில் குட்டும் பத்திரிகைக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? முதலாளி இருக்கிறார், பில் இருக்கிறது, உரிமைத்தொகை கட்டுகிறார்கள் என்பதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனாலும் நான் 'ஃபேன்சைன்' என்றுதான் சொல்வேன்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எதிர்க் கதை உண்டு. 1960-களில் கல்கத்தாவில் அத்ரீஷ் பர்தன் வங்காளியில் 'ஆச்சர்யோ' என்று விஞ்ஞானக் கதைப் பத்திரிகை நடத்தினார். சத்யஜித் ரே மாதிரிப் பெரிய தலைகள் கூட இருந்தார்கள். ரேயைத் தலைவராக வைத்து விஞ்ஞானக் கதை சினிமா கிளப்பே ஆரம்பித்தார்கள். ஆனால் சுமையெல்லாம் ஒரே ஆள் தலையில். இளம் மனைவி இறந்துபோக, கைக்குழந்தையோடு நின்றார் பர்தன். பத்திரிகை நின்றுவிட்டது. ரே இருந்தும் தாங்க முடியாததை, இங்கே பெயர் தெரியாத சில ஆயிரம் பேர் மணியார்டர் அனுப்பித் தாங்கிப் பிடித்தார்கள்.

சீகல் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1975-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தட்டச்சு குமாஸ்தாவாக இருந்தார். சூப்பர்மேன் சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பத்திரிகைகளுக்கெல்லாம் ஆவேசமாக ஓர் அறிக்கை அனுப்பினார். ஊர் கொதித்தது. கம்பெனி இறங்கிவந்து வருடத்துக்கு இருபதாயிரம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. இருவர் பெயரும் மறுபடி கதைக்கு மேலே ஏறியது. 1996 ஜனவரியில் காலமானார். கென் புல்மர் 2005 டிசம்பரில். அந்த 130 டாலரும் அடங்கிய காசோலையை 2012-ல் ஏலம் விட்டார்கள். போன விலை 1,60,000 டாலர். நம் லயன் நூறு ரூபாய்ப் புத்தகத்தோடு திரும்பி வந்த அதே வருடம்.

முத்து காமிக்ஸுக்கு 2022-ல் ஐம்பது வயது முடிந்தது. லயனுக்கு 2024-ல் நாற்பது. ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி வாசகர்கள் சந்திப்பு நடக்கிறது. எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். திருநெல்வேலி கோஷ்டி இல்லாமலா? தொப்பையும் நரையுமாக உட்கார்ந்து, ஐரோப்பாவில் இப்போது எந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது என்று வாதாடுகிறார்கள். பழைய மாயாவியையும் ஸ்பைடரையும் மறுபதிப்புப் போடுங்கள் என்று ஒரு கட்சி. காதில் பூச்சுற்றும் கதையெல்லாம் போதும், புதுசாக ஏதாவது போடுங்கள் என்று இன்னொரு கட்சி. சீகலின் வில்லனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் முறைத்துக்கொள்கின்றன. ஆசிரியர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார். அடுத்த வருடச் சந்தாப் பட்டியலை எழுதவேண்டும்.